வயிறும் ஓர் அமானிதமே



வயிற்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் ஒதுக்கக் கற்றுத் தந்தார்கள் நபி (ஸல்) அவர்கள். நாமோ வலீமா விருந்தில் மூன்றையும் பிரியாணிக்கே கொடுத்துவிடுகிறோம். சொல்லும் நானும் விதிவிலக்கல்லன்.

சென்ற ரமளானில் என் எடை குறைந்தது, மகிழ்ந்தேன். ஆனால் மெலிந்தவை புஜங்களும் தொடைகளுமே. தொப்பை அப்படியே இருந்தது. மருத்துவர் விளக்கினார்: உடலுக்கு வேலை தராமல் உணவை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரைகிறது. வயிற்றை மட்டும் வளைத்து நிமிர்த்தும் பயிற்சியோ உள்ளிருக்கும் தசையை உறுதியாக்குமேயன்றி, அதன் மேலுள்ள கொழுப்பைத் தனியே கரைக்காது.

குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து படியும் கொழுப்பே நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழி திறக்கிறது. நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டுவதே எச்சரிக்கை என்கின்றனர்.

எனவே இரண்டும் இணைய வேண்டும். சோற்றையும் பொரித்த பண்டங்களையும் குறைத்து, பருப்பு, மீன், முட்டையைக் கூட்டுங்கள். வாரம் 150 நிமிடங்களேனும் வேகமாக நடப்பதோடு, இரு நாட்கள் தசைகளுக்கான பயிற்சியும் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

நாளை பஜ்ருக்கு வாகனத்தை வீட்டிலேயே விட்டு வாருங்கள். தொழுகை முடிந்ததும் குளக்கரை வரை சேர்ந்து நடப்போம்.