காணியும் சட்டமும் ஒருசேரக் கற்றல்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



விடுமுறையில் ஊருக்கு வந்த என்னை, "நீ அங்கே படிப்பதைப் பற்றியே பேசு" என்று செயலாளர் பணித்தார். அவுஸ்திரேலியாவிலே சட்டமும் ஆதன அபிவிருத்தியும் இணைந்த பட்டத்துக்குப் படிக்கிறேன் என்றால், "சட்டம் விளங்குகிறது, தம்பி. மற்றது என்ன, காணித் தரகோ?" என்று உறவினர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இன்று விடை கூற முயல்கிறேன்.

இது ஐந்தாண்டுப் படிப்பு. ஒரு பக்கத்தில் ஒப்பந்தம், ஆதனச் சட்டம், நம்பிக்கைப் பொறுப்பு முதலியன. மறுபக்கத்தில் காணி விலைமதிப்பு, கட்டடமுறை, நகரத் திட்டம், கடன் வட்டிக் கணக்கு. சட்ட வகுப்பிலே "இந்தக் காணி யாருடையது?" என்று கேட்கிறார்கள். மற்ற வகுப்பிலே "இந்தக் காணி எதற்கு உதவும்?" என்று கேட்கிறார்கள். இவ்விரு கேள்விகளையும் பிரித்துவைத்தால் வரும் கேட்டினை நான் பல்கலைக்கழகம் போகுமுன்பே என் வீட்டிற் கண்டேன்.

எங்கள் பாட்டனார் விட்டுப்போன காணி 10 பரப்பு. அவருக்குப் பிள்ளைகள் ஐவர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் நந்நான்கு பிள்ளைகள். ஆக 20 பங்கு. ஒரு பங்குக்கு அரைப் பரப்பு. உறுதியிலே கிணற்றிற் பங்கு, வழி வாய்க்காலிற் பங்கு என்றும் எழுதியிருக்கிறது. உடன்பங்காளர் எவரும் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் போகலாம். சட்டம் மட்டும் கற்றவர் அதைத்தான் செய்விப்பார். வழக்கும் வெல்லும்; நில அளவையாளரின் படமும் பிழையற்றதாயிருக்கும். ஆனால் பாதைக்கு விட்டது போக எஞ்சும் துண்டில் ஒருவராலும் நல்லதொரு வீடு கட்ட முடியாது.

அபிவிருத்தி மட்டும் அறிந்தவரோ, தெருவோரத்து 10 பரப்பும் ஒன்றாயிருந்தால் என்ன பெறுமதி என்று கண்டு, ஒரு பங்காளியைப் பிடித்து அவர் பங்கை வாங்கி வேலி அடைப்பார். தேசவழமையின்படி உடன்பங்காளருக்கும் வாரிசாகக் கூடியோருக்கும் முதலிற் கொள்ளும் உரிமை உண்டென்பதையும், அதற்கு 1947இல் தனிச் சட்டமே வந்ததென்பதையும் அவர் அறியார். அவர் காணியோடு வழக்கையும் சேர்த்து வாங்கியவராவார்.

இரண்டும் கற்றவர் என்ன செய்வார்? இருபது பேரையும் ஒரு திண்ணையில் இருத்துவார். முழுக் காணியின் பெறுமதியையும், துண்டு துண்டாக்கினால் வரும் பெறுமதியையும் கணக்கிட்டு எல்லோருக்கும் காட்டுவார். அங்கே குடியிருக்க விரும்பும் இரண்டொருவர் காணியை வைத்துக்கொண்டு, மற்றோர் பங்குக்குப் பணம் கொடுக்க வழி வகுப்பார். கடைசியில் நொத்தாரிசிடம் கூட்டிச் செல்வார். ஏனெனில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் வந்த நாள் முதலாக, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிற்க எழுதாத காணி விற்பனை இந்நாட்டிற் செல்லாது. வாய்ச்சொல்லில் எத்துணை அன்பிருந்தாலும் அது உறுதியாகாது.

எங்கள் வீட்டில் அப்படி ஒருவரும் இருத்திப் பேசவில்லை. வழக்கு நடந்தது. என் தகப்பனாரும் பெரியப்பாவும் ஒரே கிணற்றிலே தண்ணீர் அள்ளிக்கொண்டு பல வருஷம் முகம் பாராமல் இருந்தார்கள். பாட்டியாரின் செத்தவீட்டிலேதான் மறுபடி பேசினார்கள். அந்தக் காட்சிதான் என்னை இந்தப் படிப்புக்கு அனுப்பியது.

இனிக் கொழும்புக்கு வருவோம். வெள்ளவத்தையிலே எம்மவர் பலர் மாடி வீடுகளை வாங்குகிறார்கள். இந்நாட்டின் உரோமன் டச்சுச் சட்டத்திலே நிலத்தின்மேற் கட்டியது நிலத்தைச் சேர்ந்தது. ஆகவே நாலாம் மாடியைத் தனியே சொந்தமாக்க 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் வேண்டியதாயிற்று. அச்சட்டப்படி மாடிமனைப் படம் பதிவாகியிருக்கிறதா என்று சட்டத்தரணி பார்ப்பார். படிக்கட்டு, கூரை, மின்தூக்கி முதலிய பொது உடைமைகளைப் பழுதுபார்க்க மாதந்தோறும் எவ்வளவு பணம் வேண்டும் என்று அபிவிருத்தி கற்றவர் பார்ப்பார். இரண்டையும் கேளாமல் முன்பணம் கட்டுவது கண்ணை மூடிக்கொண்டு கிணற்றடியில் நடப்பது போலாகும்.

நான் படிக்கும் நாடு காணிப் பதிவிலே உலகுக்கு வழிகாட்டிய நாடு. சுங்க அதிகாரியாயிருந்த றொபேட் ரொறன்ஸ் என்பவர் தென் அவுஸ்திரேலியாவிலே 1858இல் ஒரு முறையைக் கொண்டுவந்தார். பழைய உறுதிகளை அடுக்கித் தேடாமல், அரசாங்க ஏட்டில் எவர் பெயர் உண்டோ அவரே உரிமையாளர் என்பது அம்முறை. எமது நாட்டிலே வழக்கமான காணிப் பதிவு உறுதியைப் பதிகிறதேயன்றி உரிமைக்கு உத்தரவாதம் தருவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் வந்தது.

ஆயினும் அதே நாடு எனக்கு இன்னொரு பாடத்தையும் புகட்டியது. ரொறன்ஸின் ஏடு சுத்தமான ஏடு. ஆனால் வெள்ளையர் வருமுன் அம்மண்ணில் வாழ்ந்த மக்களின் பெயர் அதில் இல்லை. மேர் என்னும் சிறு தீவின் எடி மாபோ என்பவரும் அவரது தோழரும் பத்தாண்டு வழக்காடினார்கள். அந்நிலம் யாருக்கும் உரியதாயிருக்கவில்லை என்ற கொள்கையை உயர் நீதிமன்றம் 1992 யூன் மாதத்திலே தள்ளிவைத்தது. தீர்ப்பைக் கேட்க மாபோ உயிரோடில்லை. அவ்வாண்டு சனவரியிலேயே காலமாகிவிட்டார்.

இதைப் படித்தபோது என் நெஞ்சம் ஊருக்கு ஓடி வந்தது. 1871ஆம் ஆண்டின் சட்டப்படி, பிறர் காணியை உரிமையாளருக்கு எதிராகப் பத்து வருஷம் இடையறாது ஆண்டவர் அதைத் தமதாக்கிக்கொள்ளலாம். யுத்தத்தால் ஓடியவர் எப்படித் தம் வேலியைக் காப்பார்? அதற்காகவே 1983 முதல் 2009 வரையான யுத்த காலத்தைக் கணக்கிலிருந்து நீக்க 2016இலே 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. பாதிக்கப்பட்டோர் வழக்கிட அச்சட்டம் கொடுத்த காலமோ குறுகியது. அறிந்தவர் பயன்பெற்றார், அறியாதவர்க்கு அச்சட்டம் இருந்தும் இல்லாததே.

நண்பர்களே, இந்தக் கல்வியிலே ஓர் ஆபத்தும் உண்டு. காணியின் விலையையும் சட்டத்தின் சந்துபொந்தையும் சேர்த்து அறிந்தவன் ஏழையின் காணியை இலகுவாய் விழுங்கலாம். மிஷன் பாடசாலையிலே என் ஆசிரியர்கள், மனிதன் பூமியின் காவற்காரனேயன்றிச் சொந்தக்காரனல்லன் என்று படிப்பித்தார்கள். வீட்டிலே பாட்டியார், "சிவன் சொத்துக் குலநாசம்" என்பார். இரண்டும் ஒரே பாடமென்று நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம் படித்தபோதுதான் உணர்ந்தேன். கோயிற் காணியைத் தருமகர்த்தா பிறருக்காகவே வைத்திருக்கிறார். எங்கள் காணிகளையும், வரப்போகும் பிள்ளைகளுக்காக நாம் அப்படியே வைத்திருக்கிறோம் என்று நினைத்தாலென்ன?

பெரியோரிடம் ஒரு வேண்டுகோள். பெட்டியிலுள்ள உறுதிகளை நீங்கள் இருக்கும்போதே வெளியே எடுத்து, பிள்ளைகளை இருத்தி, பங்கை எழுத்திலாக்குங்கள். இளைஞர்களிடமும் ஒரு வேண்டுகோள். மருத்துவமும் பொறியியலும் நல்லவையே. ஆயினும் இச்சங்கத்திலே நாலு பேராவது காணிச் சட்டமும் விலைமதிப்பும் கற்கட்டும். உறுதி வாசிக்கத் தெரியாத அயலவருக்கு மாதத்தில் ஒருநாள் இந்த மண்டபத்திலே அமர்ந்து வாசித்துக் காட்டட்டும். விடுமுறை முடியும்வரை அந்த வேலைக்கு நானும் வருகிறேன்.

இறைவன் திருவருள் துணைபுரிவதாக.