எல்லை கடந்த படையும் இல்லறத்தார் நோன்பும்



திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் இன்று கார்களும் கைப்பேசிகளும் உருவாகும் தொழில் மண்டலம். ஆயினும் இப்பகுதி பண்டு படைகள் மோதிய நிலமாகவும் இருந்தது. ஒரகடத்திற்கு அண்மையிலுள்ள மணிமங்கலத்தில், படையெடுத்து வந்த சாளுக்கிய இரண்டாம் புலிகேசியைப் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் வென்றதைக் கூரம் செப்பேடு கூறும்.

பதினொரு நூற்றாண்டுகள் கழிந்தன. 1780 ஜூலையில் ஹைதர் அலியின் பெரும்படை மைசூர் எல்லையைக் கடந்து, மலைக்கணவாய் வழியே ஆர்க்காட்டுச் சீமைக்குள் இறங்கியது. குண்டூரிலிருந்து வந்த கர்னல் பெய்லியின் கும்பினிப் படை, காஞ்சியிலிருந்த மன்றோவின் படையோடு சேர முயன்றது. செப்டம்பர் 6 ஆம் நாள் பேரம்பாக்கத்தருகே திப்பு அதனைத் தடுத்தார். செப்டம்பர் 10 ஆம் நாள் புள்ளலூரில் அப்படை அழிந்தது. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. சிறைப்பட்ட பெய்லி 1782 இல் சீரங்கப்பட்டணத்தில் இறந்தார். மன்றோ பெரும் பீரங்கிகளைக் கோயிற்குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

இவ்வெற்றியைச் சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரோவியம் இன்றும் காட்டுகிறது. அது படைகளின் ஓவியம். உழவர் பட்ட பாட்டை வேறிடத்தில்தான் தேட வேண்டும். சென்னையைச் சூழ்ந்த ஊர்கள் எரிக்கப்பட்டன, நிலங்கள் உழுவாரின்றிக் கிடந்தன, பஞ்சம் தொடர்ந்தது. ஆரணி ஹைதரின் பண்டசாலையாயிற்று. வந்தவாசிக் கோட்டை முற்றுகைக்குள்ளாயிற்று. இவையெல்லாம் தமிழ்ச் சமணர் தொன்றுதொட்டு உழுது வாழ்ந்துவரும் பகுதிகள் அல்லவா?

கொலையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காகப் பகுப்பர் சமணச் சான்றோர். கொல்லும் எண்ணத்தோடு செய்வது சங்கல்பி. இல்லறத்தார் அதனை அறவே விலக்குதல் வேண்டும். தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கும்போது நேர்வது விரோதி. அதனையும் முற்றத் துறத்தல் முனிவர்க்கே கூடும். ஆதலின் எல்லையில் நிற்கும் காவல்வீரரைச் சமணம் பழிப்பதில்லை. பிறர் நாட்டை விழுங்கப் புகும் படையெழுச்சி இவ்விலக்கினுள் அடங்காது.

சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த அருங்கலச்செப்பும் பயனில் தீமை விலக்கலை ஒரு நோன்பாக வகுக்கின்றன. கொலைக்கருவி வழங்குதல், பிறர் அழிவை நினைத்தல், மனத்தைக் கலக்கும் கதைகளைக் கேட்டல் ஆகியன அதில் விலக்கப்பட்டவை.

இந்நோன்பு இன்றைக்கும் பொருந்துவதே. இம்மண்டலத்தைச் சேர்ந்த வல்லம் வடகால், ஆளில்லா வானூர்திச் சோதனை மையத்திற்கு இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அத்தகைய ஊர்தி நிலம் அளக்கும், மருந்து சுமக்கும். உக்ரைன் போரில் குண்டும் வீசுகிறது. அதன் உறுப்பொன்றைச் செய்யும் சமண இளைஞன், அது எதற்குப் பயன்படும் என்று கேட்டறிதல் கடமை. கொலைக்கே உரியதென்று தெரிந்து, வேறு பிழைப்பும் கிட்டுமாயின், விலகுதலே நோன்புக்கு ஏற்றது. வழியற்றவனைப் பிறர் இகழ்தல் அறமன்று.

தொழிற்சாலைக்கே செல்லாதவர்க்கும் இந்நோன்பில் பங்குண்டு. ஊர் எரியும் காட்சியைக் கைப்பேசியில் கண்டு மகிழ்வதும், அதனைப் பிறர்க்கு அனுப்புவதும் அவ்விலக்கை மீறுவனவே. அவ்வேளையில் கைப்பேசியை மூடி, எரியும் ஊரிலுள்ள உயிர்களை எண்ணிப் பஞ்ச நமஸ்காரம் சொல்லுதல் எவர்க்கும் இயலும்.

எல்லா உயிரும் அச்சமின்றி வாழ்க! அறம் வளர்க!