நான் கண்ட நகரங்களும் இடிந்த கோவில்களும்

(பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



சாமி மேடையேறினால் பிரசங்கம்தான் என்று அஞ்சி வந்தவர்களுக்கு முதலில் ஆறுதல் சொல்லிவிடுகிறேன். இன்று பிரசங்கம் இல்லை. நான் போய்வந்த ஊர்களைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில் மேற்படிப்புக்காக உரோமைக்கு அனுப்பப்பட்டேன். கோடை மாதங்களில் ஜெர்மனியில் விடுமுறைக்குப் போகும் பங்குக் குருக்களுக்குப் பதிலாகப் பூசை வைக்கப் போவேன். நம் நாட்டுக் குருக்கள் பலர் அப்படிப் போவதுண்டு. அதில் கிடைத்த காசை மிச்சம் பிடித்து ரயில் ஏறிப் பார்த்த ஊர்கள் சில. ஜப்பானுக்கு மட்டும் 2018-ல் ஒரு திருயாத்திரைக் குழுவோடு போனேன்.

ஈபெல் கோபுரத்தையும் லண்டன் மணிக்கூண்டையும் பற்றி நான் சொல்லப் போவதில்லை. அவற்றை உங்கள் பிள்ளைகள் கைப்பேசியில் என்னைவிட நன்றாகக் காட்டுவார்கள். நம் பங்கிலே சில மாதங்களாக ஒரு பேச்சு நடந்து வருகிறது. பழைய கோவிலை இடித்துவிட்டுப் புதிது கட்டுவதா, அல்லது கூரையை மாற்றிச் சுவரைப் பழுதுபார்த்து அதையே வைத்துக்கொள்வதா என்பது அந்தப் பேச்சு. டீக்கடையிலும் அதுதான், பங்குப் பேரவையிலும் அதுதான். தீர்ப்புச் சொல்ல நான் இங்கே வரவில்லை. ஆனால் கோவில் இடிந்துபோன ஊர்கள் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஊரார் என்ன செய்தார்கள் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உரோமையிலிருந்து தொடங்குகிறேன். கொலோசேயம் என்னும் பழைய அரங்கத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் புனித கிளமெந்து ஆலயம் இருக்கிறது. தெருவிலிருந்து உள்ளே நுழைந்தால் 12-ஆம் நூற்றாண்டுக் கோவில். அதுவே நமக்குப் பழமைதான். ஆனால் அதைப் பராமரிக்கும் அயர்லாந்து நாட்டு தொமினிக்கன் துறவிகளில் ஒருவரான தந்தை ஜோசப் முல்லூலி 1857-ல் தரைக்குக் கீழே தோண்டத் தொடங்கினார். அடியில் 4-ஆம் நூற்றாண்டுக் கோவில் ஒன்று முழுதாகப் புதைந்து கிடந்தது. அதற்கும் கீழே முதல் நூற்றாண்டு உரோமைக் கட்டடங்கள். அங்கே மித்ரா என்னும் தெய்வத்தை வழிபட்ட சிறு கூடம். படியிறங்கிப் போனால் குளிர்ச்சி ஏறிக்கொண்டே வரும். மிக அடியில் நின்றால் சுவருக்குப் பின்னே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். மேல் கோவிலைக் கட்டியவர்கள் கீழ்க் கோவிலை மண்ணிட்டு நிரப்பி, அதையே அடித்தளமாக வைத்துக்கொண்டார்கள். பழையதைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கல்லும் மண்ணும் வீணாகாமல் பயன்பட்டால் போதும் என்றுதான் நினைத்திருப்பார்கள். அப்படியும் அது தப்பிவிட்டது.

அதே நகரில் பந்தேயோன் என்னும் பழைய உரோமைக் கோவில் இருக்கிறது. 609-ல் அது கன்னிமரியாளுக்கும் மறைசாட்சிகளுக்கும் நேர்ந்தளிக்கப்பட்டுக் கிறிஸ்தவக் கோவிலாயிற்று. அதனால்தான் இன்றும் நிற்கிறது. பக்கத்திலிருந்த எத்தனையோ மண்டபங்களின் பளிங்கைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டு எரித்துவிட்டார்கள். பந்தேயோன் குவிமாடத்தின் உச்சியில் பெரிய வட்டத் திறப்பு ஒன்று உண்டு, மூடியே கிடையாது. மழை பெய்தால் நேரே உள்ளே விழும். தரையில் சிறு துளைகள் வைத்து நீரை வடித்துவிடுகிறார்கள். நம் கோவில் கூரை ஒழுகுவதைப் பற்றிக் கடிதம் எழுதிய அன்பர் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அவர்கள் அந்தத் துளையை வேண்டுமென்றே வைத்தார்கள், நாம் வைக்கவில்லை.

அடுத்து போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பன். அந்த ஊரில் இறங்கியவுடன் எனக்கு ஏதோ உறவுக்காரர் ஊருக்கு வந்தது போல இருந்தது. காரணம் மொழி. நாம் மேசை என்கிறோமே, சன்னல், சாவி, அலமாரி, பாதிரி என்கிறோமே, எல்லாம் அவர்கள் விட்டுப் போன சொற்கள். தமிழ் மொழியில் முதன்முதலாக அச்சேறிய நூலும் லிஸ்பனில்தான் 1554-ல் அச்சாயிற்று. தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் அச்சடித்த ஒரு செபப் புத்தகம் அது.

1755-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், சகல புனிதர்கள் திருநாள் காலையில், மக்கள் பூசைக்காகக் கோவில்களில் கூடியிருந்த நேரத்தில் பூமி அதிர்ந்தது. கோவில்கள் இடிந்து விழுந்தன. வெட்டவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் பொங்கி வந்து அடித்தது. கவிழ்ந்த மெழுகுவர்த்திகளாலும் அடுப்புகளாலும் பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது. 2004-ல் நம் கரைகளைத் தாக்கிய சுனாமியை அறிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பொம்பால் என்ற அமைச்சர் நகரின் நடுப்பகுதியை நேர்நேரான தெருக்களாக மீண்டும் கட்டுவித்தார். சுவருக்குள்ளே மரச் சட்டங்களைக் கூண்டு போலப் பின்னி, நில அதிர்ச்சி வந்தாலும் ஆடி நிற்கும்படி செய்தார்கள். ஆனால் மேட்டின்மேல் இருந்த கார்மேல் சபை மடத்தின் பெரிய கோவிலுக்கு மட்டும் கூரை திரும்பவும் வரவில்லை. தூண்களும் வளைவுகளும் நிற்கின்றன, மேலே வானம், நடுவே புல்தரை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக் கோவிலின் சுவர்களைப் பார்த்தவர்கள், அதை ஒரு தலைநகரின் நடுவே வைத்து எண்ணிப் பாருங்கள்.

அந்த நகரில் என் மனத்தைப் பிடித்து நிறுத்தியது வேறொரு கோவில். புனித சாமிநாதர் ஆலயம், அவர்கள் வழக்கில் சாவோ தொமிங்கோஸ். 1959-ல் அது தீப்பற்றி எரிந்தது. 1994-ல் மறுபடி திறந்தபோது கூரையை மட்டும் புதிதாகப் போட்டார்கள். வெடித்துப் பிளந்த தூண்களைப் பூசி மறைக்கவில்லை. அந்தத் தூண்களுக்கு நடுவேதான் இன்றும் பூசை நடக்கிறது. வெளியே வந்தால் அந்தச் சதுக்கத்தில் ஒரு நினைவுக் கல். 1506-ஆம் ஆண்டு பாஸ்கா காலத்தில் இதே கோவிலில் சிலுவையில் ஒளி தோன்றியதாக மக்கள் கூவினார்கள். வற்புறுத்தலால் ஞானஸ்நானம் பெற்றிருந்த யூதர் ஒருவர், அது மெழுகுவர்த்தியின் ஒளியாக இருக்கலாம் என்றார். அவரை அங்கேயே அடித்துக் கொன்றார்கள். துறவிகள் இருவர் கூட்டத்தைத் தூண்டிவிட்டார்கள். மூன்று நாட்களில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அந்த நினைவுக் கல் 2008-ல்தான் வைக்கப்பட்டது. 500 ஆண்டு கழித்தாவது வைத்தார்களே என்று எனக்குத் தோன்றிற்று. கோவில் வரலாறு எழுதும்போது கட்டிய வருடத்தையும் கொடுத்தவர்கள் பெயரையும் எழுதுவோம். இதுபோன்ற செய்தியைக் கோவில் வாசலிலேயே கல்லில் வெட்டி வைப்பதற்குத் தனியான மனத்துணிவு வேண்டும்.

ஜெர்மனியில் கொலோன் நகருக்கு அருகே நான் இரண்டு கோடைகள் இருந்தேன். அங்குள்ள பேராலயத்தை 1248-ல் கட்டத் தொடங்கி 1880-ல் முடித்தார்கள். இடையிலே ஏறக்குறைய 300 ஆண்டுகள் வேலை நின்று கிடந்தது. பாதிக் கோபுரத்தின்மேல் பாரம் தூக்கும் மரப் பொறி ஒன்று அப்படியே நின்றதாம். அந்தக் கட்டடம் என்று முடிகிறதோ அன்று உலகம் முடியும் என்று அவ்வூர்க்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். அதனால்தானோ என்னவோ, இன்றும் சாரம் கட்டி ஏதாவது ஒரு மூலையில் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. நம் கட்டடக் குழுவினர் மனம் தளர வேண்டாம்.

இரண்டாம் உலகப் போரில் குண்டுகள் பல விழுந்தும் பேராலயம் நின்றது. சுற்றியிருந்த நகரம் பெரும்பாலும் மண்மேடாயிற்று. புனித கொலும்பா என்னும் பங்குக் கோவிலும் தரைமட்டமாயிற்று; ஒரு தூணோடு ஒட்டியிருந்த தேவதாயின் சுரூபம் மட்டும் நின்றது. மக்கள் அதைச் சுற்றி ஒரு சிறு ஆலயம் கேட்டார்கள். கோட்ஃபிரீட் பேம் என்ற கட்டடக் கலைஞர் 1950-ல் அதைக் கட்டினார். பின்னர் 2007-ல் பீட்டர் சும்தோர் என்பவர் அந்தச் சிற்றாலயத்தையும் இடிந்த சுவர்களையும் உள்ளடக்கி மறைமாவட்டத்துக்காக ஓர் அருங்காட்சியகம் கட்டினார். பழைய சுவர் முடியும் இடத்தில் புதுச் செங்கல் தொடங்குகிறது. வெகு அழகு. ஆனால் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. நான் பூசை வைத்த ஊர்களில் பெரிய பெரிய கோவில்களில் முன் வரிசையில் சில நரைத்த தலைகள் மட்டுமே. பூசை முடிந்ததும் ஒரு பாட்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் ஊரில் பிள்ளைகள் கோவிலுக்கு வருகிறார்களா என்று கேட்டார். வருகிறார்கள், சத்தமும் போடுகிறார்கள் என்றேன். அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது என்றார்.

இங்கிலாந்தில் கொவென்ட்ரிக்கும் ஜெர்மனியில் டிரெஸ்டனுக்கும் ஒவ்வொரு நாள் போய்வந்தேன். ஒன்றை ஜெர்மானியர் 1940-ல் குண்டுவீசி அழித்தனர். மற்றதை 1945-ல் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் அழித்தனர். கொவென்ட்ரியில் இடிந்த பேராலயத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் புதியதைக் கட்டி 1962-ல் அர்ச்சித்தார்கள். பழையதன் பீடத்துக்குப் பின்னே மன்னிப்பை வேண்டும் இரண்டு சொற்கள் மட்டும் வெட்டியிருக்கிறார்கள். யாரை மன்னிக்க வேண்டும் என்று அங்கே எழுதவில்லை. டிரெஸ்டனில் லூத்தரன் சபையினரின் அன்னை ஆலயம் 40 ஆண்டுகளுக்கு மேல் கற்குவியலாகக் கிடந்து, அந்தக் கற்களையும் சேர்த்துக் கட்டி 2005-ல் திறக்கப்பட்டது. கருத்த பழைய கற்கள் வெளிர்ந்த புதுக் கற்களுக்கு நடுவே தனியே தெரிகின்றன. உச்சியிலுள்ள சிலுவையைச் செய்த லண்டன் பொற்கொல்லரின் தந்தை, அந்த நகரின்மேல் குண்டு வீசிய விமானங்களில் ஒன்றில் இருந்தவர்.

இனி நாகசாகி. நான் பார்த்த ஊர்களில் இன்றும் என் தூக்கத்தில் வருவது இதுதான். அவ்வூரின் உராகாமிப் பகுதி மக்கள், குருக்கள் யாருமின்றி, வேதகலாபனைக்கு அஞ்சி, 200 ஆண்டுகளுக்கு மேல் வீட்டுக்குள்ளேயே விசுவாசத்தைக் காத்தவர்கள். 1865-ல் பிரெஞ்சுக் குரு பெத்திஜான் ஓவுராவில் புதிதாகக் கட்டிய கோவிலுக்கு அவர்களில் சிலர் மெதுவாக வந்தார்கள். ஒரு பெண்மணி அவரருகே வந்து, மரியன்னையின் சுரூபம் எங்கே என்று கேட்டார். அதன் பிறகும் துன்பம் விடவில்லை. 3,000-க்கு மேற்பட்டோரை ஊரைவிட்டே நாடு கடத்தினார்கள். 600-க்கு மேற்பட்டோர் அந்நிய ஊர்களில் மாண்டார்கள். 1873-ல் எஞ்சியோர் திரும்பி வந்தார்கள்.

வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கிராமத் தலைவரின் வீடு இருந்த மனையை 1880-ல் விலைக்கு வாங்கினார்கள். கிறிஸ்துவின் படத்தையும் மாதாவின் படத்தையும் காலால் மிதிக்கும்படி அவர்களுடைய முன்னோரை ஆண்டுதோறும் வற்புறுத்திய இடம் அதுவே. அந்த மனையில்தான் 1895-ல் கோவில் வேலையைத் தொடங்கினார்கள். ஏழை உழவர்கள், காசு சேரும்போது செங்கல் அடுக்கினார்கள். 1914-ல் கோவில் முடிந்தது, 1925-ல் இரட்டைக் கோபுரங்கள் முடிந்தன. எழுப்பியது மொத்தம் 30 ஆண்டுகள். நின்றது இன்னும் 20 ஆண்டுகள்.

1945 ஆகஸ்டு 9, காலை 11 மணி 2 நிமிடம். அணுகுண்டு வெடித்த இடம் கோவிலிலிருந்து சுமார் 500 மீட்டர். தேவமாதா ஆரோபணத் திருநாளுக்கு ஆயத்தமாகப் பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த குருக்களும் மக்களும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. 12,000 பேர் இருந்த பங்கில் சுமார் 8,500 பேர் மாண்டனர் என்பது கணக்கு. இந்த எண்ணை நம் பங்கின் குடும்பப் பதிவேட்டோடு வைத்துப் பாருங்கள். எந்தத் தெரு மிஞ்சும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஹிரோஷிமாவில் இடிந்த குவிமாடக் கட்டடம் ஒன்றைக் காக்க 1966-ல் நகரசபை தீர்மானித்தது. இன்று உலகமே அதைப் போய்ப் பார்க்கிறது. நாகசாகியில் உராகாமிக் கோவிலின் சுவர்களையும் அப்படியே காக்க வேண்டும் என்று நகரத்தார் பலர் வற்புறுத்தினார்கள். ஆயர் யமகூச்சியும் பங்கு மக்களும் இணங்கவில்லை. முன்னோர் பாடுபட்ட மனை அது, வேறு இடத்தில் எங்களுக்குக் கோவில் வேண்டாம் என்றார்கள். 1958-ல் இடிபாடுகளை அகற்றிவிட்டு 1959-ல் அதே இடத்தில் புதுக் கோவிலை எழுப்பினார்கள். ஒரு சுவர்த் துண்டை மட்டும் குண்டு விழுந்த இடத்திலுள்ள பூங்காவில் நட்டு வைத்தார்கள். இடிபாடு போய்விட்டதே என்று இன்றும் வருந்துகிறவர்கள் அந்த ஊரில் உண்டு. வருத்தத்தில் நியாயமும் உண்டு. ஆனாலும் என் எண்ணத்தைக் கேட்டால், பங்கு மக்கள் செய்தது சரி. பார்க்க வருகிறவனுக்கு இடிந்த சுவர் வேண்டும். அவன் படம் எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் போய்விடுவான். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் இறந்தவரை வைத்துச் செபிக்கவும் இடம் வேண்டியவர்கள் அங்கே குடியிருந்தவர்கள்தாம். முதல் செங்கல்லையும் அவர்களுடைய தாத்தாமார்தாம் அடுக்கினார்கள்.

அவர்கள் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிடவில்லை. கருகிய சுரூபங்கள் இன்றும் கோவில் முன்னே நிற்கின்றன. உருண்டு விழுந்த கோபுர உச்சி, விழுந்த சரிவிலேயே கிடக்கிறது. மரத்தால் செய்த மாதா சுரூபத்தின் தலை மட்டும் சாம்பலிலிருந்து கிடைத்தது. அதை உள்ளே தனிப் பீடத்தில் வைத்திருக்கிறார்கள். கண்கள் எரிந்துபோய் இரண்டு கருங்குழிகளாக இருக்கின்றன. எங்கள் குழுவில் வாய் ஓயாமல் பேசி வந்த ஓர் அம்மையார் அதன் முன்னே முழந்தாளிட்டவர், மதியச் சாப்பாடுவரை ஒரு சொல்லும் பேசவில்லை.

இரட்டைக் கோபுரங்களில் இருந்த இரண்டு மணிகளில் ஒன்று நொறுங்கிவிட்டது. மற்றதை இடிபாடுகளுக்குள்ளிருந்து தோண்டியெடுத்து, 1945 கிறிஸ்துமஸ் இரவில், கூரையில்லாத அந்த இடத்திலேயே அடித்தார்கள். நான் போனபோது ஒரு கோபுரத்தில்தான் மணி இருந்தது. மற்றது வெறுமையாக இருந்தது. அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் பணம் சேர்த்து, குண்டு போட்ட நாட்டிலிருந்தே அந்த இரண்டாவது மணியைச் செய்து அனுப்பினார்கள். 2025 ஆகஸ்டு 9-ஆம் நாள், 80 ஆண்டுகளுக்குப் பிறகு, காலை 11 மணி 2 நிமிடத்திற்கு இரண்டு மணிகளும் சேர்ந்து ஒலித்தன.