நிலக்கரியும் பூஞ்சணமும் நம் தோட்ட மண்ணும்

கலைப் பட்டதாரியான நான் நிலக்கரியைப் பற்றியும் பூஞ்சணத்தைப் பற்றியும் பேச முன்வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இரசாயனம் எனது துறையன்று. ஆயினும் என் தமையனார் என்னிடம் கேட்ட ஒரு கேள்வி என்னை இத்துறையிற் புகச் செய்தது. வலிகாமத்திலே எங்கள் தந்தையார் விட்டுச் சென்ற செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் மிளகாயும் செய்துவருபவர் அவர். ஒருநாள் மாலை ஒரு போத்தலை என் கையில் தந்து, "தம்பி, இதிலை ஒரு போத்தல் விட்டால் ஒரு வண்டில் மாட்டெருவுக்குச் சரியாம். நீ படிச்சனியெல்லே, சொல்லு, வாங்கலாமோ?" என்றார். உள்ளே மை போன்ற கரிய நீர் இருந்தது. என்னால் விடை கூற முடியவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டியும், விவசாயம் படிப்பிக்கும் ஆசிரியர்களை உசாவியும் அறிந்தவற்றையே இன்று தங்கள்முன் வைக்கின்றேன்.

முதலில் நமது மண்ணை நினைத்துப் பார்ப்போம். வெப்பம் மிகுந்த நாட்டிலே மண்ணில் இட்ட இலையும் எருவும் விரைவில் உக்கி அழிந்துபோகின்றன. ஆகவேதான் எங்கள் தந்தையார் புகையிலைத் தோட்டத்தில் ஆண்டுதோறும் பனையோலையை வெட்டித் தாழ்த்தார், பூவரசங் குழையைப் புதைத்தார், மாட்டுப்பட்டி அடைத்தார். இவையெல்லாம் உக்கியபின் எஞ்சும் கரிய பொருளை உக்கல் என்கிறோம். நீரையும் பயிருணவையும் பிடித்துவைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. உக்கல் குன்றிய மண் ஓட்டைக் கடகம் போன்றது. அதில் இட்ட யூரியாவின் ஒரு பங்கு நைத்திரேற்றாக மாறி, மழைநீரோடும் இறைப்பு நீரோடும் கீழிறங்கி, சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே நாம் குடிக்கும் கிணற்றையே சென்றடைகின்றது. குடிநீரின் ஒரு லீற்றரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நமது தோட்டக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை கடக்கப்பட்டிருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை நீக்கப்பட்டதும் நேயர்கள் அறிந்ததே. மண்ணின் வளத்தை ஆணையொன்றினால் ஒரே போகத்தில் மீட்டுவிட முடியாது என்பதை அன்று கற்றோம். அத்தகைய நெருக்கடியிலே கரிய நீர்ப் போத்தல்கள் கமக்காரருக்கு நம்பிக்கை தருவது இயல்பே.

அப் போத்தலில் இருப்பது என்ன? உக்கலின் ஒரு கூறாகிய ஹியூமிக் அமிலத்தின் உப்பு. அது பெரும்பாலும் எடுக்கப்படுவது பழுப்பு நிலக்கரியிலிருந்து. இலங்கையில் அக்கரி எடுக்கும் சுரங்கம் இல்லை. ஆனால், பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டின் நெய்வேலியில் அது பெருவாரியாக உண்டு. 1930களில் சம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் காணியிலே நீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருள் வெளிவந்தது. 1956இல் அங்கே அரசாங்க நிறுவனம் அமைந்தது. 1957இல் சுரங்கம் வெட்டும் பணி தொடங்கியது. நெய்வேலிக் கரியிலிருந்து பெற்ற ஹியூமிக் அமிலத்தைப் பயிர்களுக்கு இட்டு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் பல சோதனைகள் நடத்தியுள்ளனர்.

பழுப்பு நிலக்கரி அடுப்புக்குத் தாழ்ந்த சரக்கு. ஈரம் மிகுதி, வெப்பம் குறைவு. காற்றுப்பட்டுச் சிதைந்த மேற்படையோ எரிப்பதற்கு இன்னும் ஆகாது. எனினும் மண்ணுக்கு உகந்தது அதுவே. ஒட்சிசன் ஏறியேறிச் சிதைந்த கரியிலேதான் ஹியூமிக் அமிலம் மிகுதியாக உண்டு. பொற்றாசியம் ஐதரொட்சைட்டு என்னும் காரத்தில் அதனைக் கரைத்தால் கரிய நீர் கிடைக்கும். சந்தையில் விற்பனையாவது பெரும்பாலும் இவ்வாறு செய்யப்பட்டதே.

காரம் செய்யும் இவ்வேலையைப் பூஞ்சணமும் செய்யவல்லது. நிலக்கரி என்பது ஆதியில் மரம். மரத்திற்கு வலிமை தருவது இலிக்னின் என்னும் பொருள். பட்ட மரத்திலே அடுக்கடுக்காக வளரும் காளானைப் பார்த்திருப்பீர்கள். அவ்வினத்துப் பூஞ்சணங்கள் இலிக்னினைச் சிதைக்கும் நொதியங்களைச் சுரக்கின்றன. பழுப்பு நிலக்கரியிலே அம் மரத்தின் அமைப்பு ஓரளவு எஞ்சியிருக்கிறது. 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த கோகன், கேபிரியேல் என்னும் இருவர், பொலிபோரஸ் வெர்சிகலர் என்ற காளானின் வளர்ப்பின்மேல் பழுப்பு நிலக்கரித் துண்டுகளை வைத்தனர். சில நாட்களில் கரியின்மேல் கருந்துளிகள் அரும்பின. திண்ணிய கரி நீராகக் கசிந்தது! நொதியங்கள் மாத்திரமன்றி, பூஞ்சணம் விடும் காரப்பொருள்களும், உலோகங்களைப் பற்றிக் கரியின் பிணைப்பைத் தளர்த்தும் ஒட்சலேற்றும் இதற்குக் காரணம் என்று பின்னர் அறியப்பட்டது.

இன்னொரு செய்தி நமக்கு நெருக்கமானது. தென்னாபிரிக்காவின் விட்பாங்கு என்னும் சுரங்கப் பகுதியிலே, வேறு பயிர் நிலைக்காத கரிக்கழிவு மேட்டில் ஒரு புல் செழித்திருக்கக் கண்டனர். அது நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகம்புல்லே! அதன் வேர்ப்பக்கத்தை ரோட்ஸ் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தபோது, கரி உதிர்ந்து மண்போலாகியிருந்தது. அங்கே நியோசார்ட்டோரியா பிசெரி என்ற பூஞ்சணம் கரியைச் சிதைக்கிறது. வேரோடு வாழும் வேறு பூஞ்சணங்கள் புல்லுக்கு உணவு ஊட்டுகின்றன. புல்லோ தன் வேர்வழியே அவற்றுக்கு வெல்லத்தை வழங்குகிறது. 2008இல் இப்பூஞ்சணம் பற்றிய ஆய்வு வெளியாயிற்று. பாழான சுரங்க நிலத்தை மீட்க இம்முறையை அவர்கள் பயன்படுத்த முயன்றனர். அறுகுபோல் வேரூன்றி வாழ்க என வாழ்த்தும் நமக்கு இது புதுப்பொருள் தருகின்றது.

ஆயினும் வியப்பு வேறு, வியாபாரம் வேறு. பூஞ்சணத்தின் வேலை மெதுவானது. அதனாலேயே காரமுறை சந்தையில் முந்திநிற்கிறது. கரியில் நச்சு உலோகங்கள் இருக்கக்கூடுமாதலால் பரிசோதனை இன்றியமையாதது. கரியைச் சிதைக்கும் பூஞ்சணங்களுட் சில, நலிந்த உடலினரின் நுரையீரலைத் தாக்கவல்லன. ஆதலால் இது வீட்டு முற்றத்தில் செய்யும் வேலையன்று. நமது கிணற்று நீரோ சுண்ணாம்பு நிறைந்தது. அதில் இக் கரிய நீரைக் கலந்தால், சுண்ணத்தோடு சேர்ந்து திரள் திரளாக அடியில் தங்கிவிடுவதும் உண்டு.

இனித் தமையனாரின் கேள்விக்கு வருவோம். அப் போத்தல் ஒரு லீற்றர் கொண்டது. நூற்றுக்கு 12 பங்கு ஹியூமிக் அமிலம் என்று மேற்சீட்டு கூறியது. அதாவது ஏறக்குறைய 120 கிராம். ஒரு பரப்புக் காணியில் அரையடி ஆழத்து மண்ணின் நிறை ஏறத்தாழ 50 தொன். 50 தொன் மண்ணுக்கு 120 கிராம் உக்கல் எம்மட்டில்? ஆகவே, அது மாட்டெருவுக்கு ஈடு என்பது கணக்குக்கு ஒவ்வாது.

அப்படியாயின் அது வெறும் ஏமாற்றோ? அதுவுமன்று. உலகெங்கும் நடந்த சோதனைகளை ஒருங்கு தொகுத்து அவுஸ்திரேலிய ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஹியூமிக் பொருள்களால் பயிரின் தண்டும் இலையும் சராசரி நூற்றுக்கு 22 பங்கும், வேர் 21 பங்கும் உலர்நிறையிற் கூடியிருந்தன. மண்ணை நிரப்பியன்று, வேரைத் தூண்டியே அது பயன் தருகின்றது. விளைவு இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபடும். அதே கட்டுரை மற்றொன்றும் கூறுகிறது: தண்டு வளர்ச்சியைப் பொறுத்தமட்டில், நிலக்கரியிலிருந்து எடுத்ததை விடக் கூட்டெருவிலிருந்து எடுத்ததே மேம்பட்டு நின்றது.

இதை வாசித்த அன்று எனக்கு எந்தையார் தாழ்த்த பனையோலை நினைவுக்கு வந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலத்தடியிற் கிடந்த கரியைக் கரைத்துப் பெறுவதைவிட மேலானதொன்றை நமது குப்பைக் கிடங்கிலுள்ள பூஞ்சணங்கள் சில மாதங்களில் ஆக்கித் தருகின்றன. நாமோ குழையையும் ஓலையையும் வேலியோரத்திற் குவித்துத் தீயிட்டுக் கொளுத்துகின்றோம்.

தமையனாருக்கு நான் கூறியது இதுதான்: "அண்ணை, வாங்கினால் வாங்குங்கோ, எருவை மட்டும் நிறுத்திப்போடாதேங்கோ." பின்பு இருவரும் ஓர் ஒழுங்கு செய்தோம். இந்தப் போகத்திலே அவருடைய தோட்டத்தில் நான்கு பாத்திகளைப் பிரித்துள்ளோம். ஒன்றுக்குக் கூட்டெரு, ஒன்றுக்குக் கரிய நீர், ஒன்றுக்கு இரண்டும், மற்றொன்றுக்கு இரண்டுமில்லை. எங்கள் பாடசாலை மாணவர் கிழமைதோறும் சென்று தாள்களை எண்ணிக் கொப்பியிற் பதிந்துவருகின்றனர். வெங்காயம் கிண்டும் நாளில் நிறுத்துப் பார்ப்போம். நான்கு பாத்திகளால் உலகத்துக்கு விடை கிடைத்துவிடாது. ஆனால் அந்தத் தோட்டத்துக்கு ஒரு குறிப்புக் கிடைக்கும். மேற்சீட்டை நம்பிப் பணம் கொடுக்குமுன் தத்தம் தோட்டத்திலே இவ்வாறு நான்கு பாத்தி பிரித்துப் பார்க்குமாறு நேயர்களையும் வேண்டிக்கொள்கின்றேன்.