விசை சரியாக இருக்கட்டும்



எலிப்பொறியின் விசையை அராவி, வளைத்து, திருத்தி வைப்பது தேவையான கைவேலையா, தேவையற்ற கொடுமையா? இதுதான் இன்றைய விவாதத் தலைப்பு. தேவையான கைவேலையே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

இந்தத் தலைப்பைப் பேச நாம் கூடியிருக்கும் புக்கிட் மேராவை, சிவப்புக் குன்றைவிடப் பொருத்தமான இடம் சிங்கப்பூரில் கிடையாது, நடுவர் அவர்களே. கொம்புமீன்கள் கரையில் பாய்ந்து மக்களைக் குத்திக் கொன்ற கதை உங்களுக்குத் தெரியும். 'சேஜாரா மெலாயு' சொல்லும் கதை. அரசன் என்ன செய்தான்? ஆட்களை வரிசையாக நிற்கவைத்து அவர்கள் கால்களையே வேலியாக்கினான். மீன்கள் கால்களைத் துளைத்தன. ஒரு சிறுவன் வந்து, மனிதக் கால்களை எடுத்துவிட்டு வாழைத்தண்டை நிறுத்துங்கள் என்றான். மீனின் மூக்கு தண்டில் செருகி மாட்டிக்கொண்டது. அந்தப் பிள்ளையின் அறிவுக்கு அஞ்சி அரசன் அவனைக் கொன்றான். அந்த ரத்தத்தில்தான் இந்தக் குன்று சிவந்தது என்று ஊர் சொல்கிறது. பொறி முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. சிறுவன் அதைத் திருத்தினான், அதனால் மனிதர்கள் பிழைத்தார்கள். என் அணியின் வாதம் முழுவதும் இதற்குள் அடங்கும்.

இனி எலிக்கு வருகிறேன். நான் பூச்சி ஒழிப்பு வேலையில் இருப்பவன். புளோக்குகளின் குப்பை அறைகளிலும் ஈரச்சந்தையின் பின்பக்கத்திலும் உணவங்காடி நிலையங்களின் வடிகால் ஓரத்திலும் பொறி வைப்பது என் பிழைப்பு. சாக்கடை எலி புதுப்பொருளைக் கண்டால் ஒதுங்கிப் போகும் பிராணி. ஆகவே பொறியை முதலில் விசை ஏற்றாமல் இரை மட்டும் வைத்துச் சில நாள் விட்டுவிடுவோம். பயம் தெளிந்து தின்னப் பழகிய பிறகுதான் விசையை ஏற்றுவோம். இத்தனை பொறுமைக்குப் பிறகு கொக்கி துருப்பிடித்து இறுகியிருந்தால் எலி இரையை நக்கிவிட்டுப் போய்விடும். அரைகுறையாக அடித்தால் வாலோ காலோ நசுங்கித் தப்பும். அப்படித் தப்பிய எலி மறுபடி பொறிப்பக்கம் வராது.

நம் ஊர் ஈரக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் கொக்கி உட்காரும் முனையைச் சின்ன அரத்தால் தேய்த்துப் பிசிறு எடுக்க வேண்டும். இரைத்தகட்டின்மேல் அகலமான இன்னொரு தகட்டைப் பொருத்தினால், எலி இரையைக் கடிக்காமல் மேலே கால் வைத்தாலே பொறி அடிக்கும். கருவாட்டை நூலால் கட்டிவிட்டால் எலி அதை இழுத்தே ஆகவேண்டும். பொறியைச் சுவருக்குக் குறுக்காக, விசைப்பக்கம் சுவரை ஒட்டி வைக்க வேண்டும். எலி சுவரோரமாகவே ஓடும். இவையெல்லாம் சேர்ந்தால்தான் அடி கழுத்தில் விழும், நொடியில் முடியும். கொடுமை என்றீர்களே எதிரணித் தோழர்களே, விடியும்வரை நசுங்கிய காலோடு துடிக்கும் எலியைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தத் துடிப்புக்குக் காரணம் திருத்தாமல் விட்ட விசை.

திருத்துவது என்றால் இளக்குவது மட்டும் என்று எதிரணித் தலைவி நினைத்துவிட்டார். இறுக்குவதும் திருத்தம்தான். சிறிது அசைந்தாலே அடிக்கும்படி விட்டால் மூஞ்சூறு சாகும். மூஞ்சூறு கரப்பானைத் தின்னும் பிராணி, நமக்கு வேண்டியது. வட அமெரிக்காவில் கொயோட்டி நரிக்குக் கால்பொறி வைப்பவர்கள் மிதிதட்டின் திருகை இறுக்கி, ஒரு கிலோவுக்கு நெருக்கமான எடை அழுத்தினால்தான் பொறி மூடும்படி வைப்பார்கள். முயலும் அணிலும் மிதித்துவிட்டு ஓடிவிடும். கால்பொறியே கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 1995 முதல் தடை செய்துவிட்டது; அந்தத் தடையை நானும் ஏற்கிறேன். ஆனால் எந்த உயிர் மாட்டவேண்டும், எது மாட்டக்கூடாது என்பதைத் தீர்மானிப்பது அந்தத் திருகுதான்.

சரி, பொறியை விட்டுவிட்டு எதை எடுப்பீர்கள்? பசை அட்டை என்றார் ஒருவர். ஒட்டிய எலி பசியிலும் தாகத்திலும் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். மைனா, பல்லி, பாம்பு எது வந்தாலும் ஒட்டும். அந்த அட்டைக்கு விசையே இல்லையே, யாரை விலக்கும்? நியூசிலாந்து 2015-இல் அதற்குத் தடை போட்டது, இங்கிலாந்தில் 2024 ஜூலை முதல் பொதுமக்கள் பயன்படுத்துவது குற்றம். அடுத்து விஷம். ரத்தம் உறையவிடாத மருந்தைத் தின்ற எலி சில நாள் கழித்துத்தான் சாகும், அதுவும் கூரைக்குள்ளோ குழாய்க்குள்ளோ போய். அந்த எலியை ஆந்தையோ மலைப்பாம்போ பிடித்தால் மருந்து அதன் உடம்பிலும் சேரும். மவுண்ட் ஃபேபர் காடு பக்கத்தில் இருக்கும்போது இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

தஞ்சாவூர்ப் பக்கத்து உறவுகள் இங்கே பலர் இருக்கிறீர்கள். கிட்டி உங்களுக்குத் தெரியும். மூங்கிலை வில்லாக வளைத்து, கயிறு கட்டி, சின்னக் குச்சியை விசையாக வைத்த எலிக்கிட்டி. அந்தியில் வரப்போரம் வைத்து விடியலில் எடுப்பார்கள். பிடித்த எலிக்குத்தான் கூலி. ஆகவே கிட்டிக்காரரின் கை எப்போதும் அந்தக் குச்சியைச் சீவிக்கொண்டே இருக்கும். மழை பெய்து மூங்கில் ஊறினால் வேறு சீவல், வெயிலில் காய்ந்தால் வேறு சீவல். இன்றும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் தஞ்சாவூர்க் கிட்டியைப் பரிந்துரைக்கிறது. விஷம் தொடாமல் நெல்லைக் காத்த அறிவு அது. அதைக் கொடுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கருவியைத் திருத்தினால் எலி பிடிக்கிற மனிதனும் பிழைக்கிறான். தமிழ்நாட்டில் எலி பிடித்துப் பிழைக்கும் இருளர் மக்கள் எலிவளைக்குப் புகைபோட மண்பானையில் வைக்கோலை எரித்து, வாயால் ஊதுவார்கள். உதடும் கையும் வெந்தன, நெஞ்சுக்குள் புகை போயிற்று. சென்னையைச் சேர்ந்த சேதுநாராயணன் என்பவரின் தொண்டு நிறுவனம் அதே பானையை இரும்பில் செய்து, கையால் சுற்றும் விசிறி வைத்துக் கொடுத்தது. 2003-இல் உலக வங்கியின் 'டெவலப்மென்ட் மார்க்கெட்ப்ளேஸ்' போட்டியில் அது பரிசு பெற்றது. தொழில் அதே தொழில், ஆட்கள் அதே ஆட்கள். ஊதும் வாய்க்குப் பதில் சுற்றும் கைப்பிடி வந்தது, அவ்வளவுதான். இந்தச் சின்ன மாற்றத்தை வீண்வேலை என்று அந்த இருளர் குடும்பங்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

குப்பையைச் சரியாக மூடினால் பொறியே வேண்டாமே என்பது எதிரணியின் வலுவான கேள்வி. பாதி உண்மை. 2014 டிசம்பரில் புக்கிட் பாத்தோக் எம்ஆர்டி நிலையம் அருகே மேட்டில் எலிகள் பெருகியதற்கு, தெருநாய்களுக்கு வைத்த சோறும் ஒரு காரணம் என்று அப்போது பேசப்பட்டது. தொட்டியை மூடுங்கள், வளையை அடைத்துவிடுங்கள், மிச்சச் சோற்றை வெளியே வைக்காதீர்கள். ஆனால் ஏற்கனவே வளைக்குள் குட்டி போட்டிருக்கும் எலியை என்ன செய்வீர்கள்? அதன் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். சந்தைத் தரையைத் தினமும் கழுவும் அக்காமார்தான் அதில் முதலில் கால் வைக்கிறார்கள்.

ஆகவே நடுவர் அவர்களே, ஒரு வேண்டுகோள். எலி ஒழிப்புக்கு ஒப்பந்தம் போடும்போது எத்தனை பொறி வைத்தீர்கள் என்று மட்டும் கேட்கிறார்கள். ஒவ்வொரு பொறியையும் கழற்றி, துரு துடைத்து, கொக்கியை அராவி, விரலால் அழுத்திச் சோதிக்க வேலையாளுக்கு நேரம் வேண்டும். தினமும் காலையில் போய்ப் பார்க்கவும் நேரம் வேண்டும். அந்த நேரத்தையும் ஒப்பந்தத்தில் எழுதி, அதற்கும் கூலி கொடுங்கள். என் அணி கேட்பது இதுதான்.