பழைமை பாராட்டுவோம்

மாணவ மாணவியரே,

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கும் கல்லூரிக்கும் திரும்பியிருக்கிறீர்கள். கண்டுவந்த ஊர்களைப் பற்றித் தோழரோடு பேசி மகிழ்ந்திருப்பீர்கள். ஊர் திரும்பியவர்க்குக் கடமை ஒன்று உண்டு. அதில் நான் தவறியதை இன்று கூற விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மே மாதத்தில் பேரப்பிள்ளைகளுடன் கோடைக்கானலில் மூன்று வாரம் தங்கினேன். புறப்படுமுன் நண்பர் ஒருவர் இல்லத்தில் விடைபெறச் சென்றேன். இரு குடும்பங்களுக்கும் நாற்பதாண்டுப் பழக்கம். நண்பரின் தாயார் எண்பதைக் கடந்தவர். என் மனைவி நோயுற்றிருந்த காலத்தில் எங்கள் வீட்டு அடுப்பையும் தம் பொறுப்பில் ஏற்றவர். "வரும்போது மலைப்பூண்டு கொஞ்சம் வாங்கி வா, தம்பி" என்றார். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது, காரமும் மணமும் மிகுந்தது, நாள்பட இருப்பது.

பூண்டோடு ஊர் திரும்பினேன். அம்மையார் மறைந்து பதினைந்து நாளாயிற்று என்று அடுத்த வீட்டார் கூறினர். முதலில் துயரம், பின்னர்ச் சினம். 'நமக்குச் சொல்லியனுப்பத் தோன்றவில்லையே!' என்று உள்ளம் குமுறியது. துக்கம் விசாரிக்கச் செவ்வாய் ஆகாது, வெள்ளி ஆகாது என்று நாளைக் கடத்தினேன். நாள் ஆக ஆக, கூச்சமும் வளர்ந்தது.

பன்னிரண்டாம் நாள் என் மனைவி, "பூண்டு முளைவிடும் வரை காத்திருக்கப் போகிறீர்களா?" என்று கேட்டாள். அன்று மாலையே இருவரும் சென்றோம்.

நண்பர் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். "செய்தி கேட்டால் அன்றே மலையிறங்கிவிடுவீர்கள்; குழந்தைகள் ஏமாந்து போவார்கள். அதனால்தான் சொல்லவில்லை. நீங்கள் வராதிருக்கவே, அதைப் பெருங்குற்றமாகக் கொண்டீர்களோ என்று அஞ்சினேன்" என்றார். நான் தலைகுனிந்தேன். ஒரே தெருவின் இரு முனைகளில் இரு வீடுகளும் ஒன்றையொன்று எதிர்பார்த்துக் காத்திருந்திருக்கின்றன! நண்பரின் மனைவியார் பூண்டை வாங்கி அம்மையார் படத்தின்முன் வைத்தார். பின் அதிலேயே கொஞ்சம் எடுத்துக் குழம்பு வைத்தார். அங்கேயே உண்டு திரும்பினோம்.

திருக்குறளில் நட்பு, நட்பாராய்தல் என்னும் அதிகாரங்களுக்கு அடுத்து நிற்பது 'பழைமை' என்னும் 81-ஆம் அதிகாரம். நட்பைப் பாடிய வள்ளுவர் பழைமைக்கும் தனியே பத்துக் குறள் வகுத்தது ஏன்? புதிய நண்பரை ஆராய்ந்து கொள்ளவேண்டும். பழைய நண்பர் உரிமையால் செய்ததை ஆராயாது ஏற்கவேண்டும். பல்லாண்டு வகுப்பில் விளக்கிய இக்கருத்தை நான் உள்ளபடி கற்றது அம்மாலையில்தான்.

மாணவச் செல்வங்களே! கைபேசியில் செய்தி நொடியில் செல்கிறது. ஆயினும் கையைப் பற்றிக்கொள்ள நேரிலேதான் செல்லவேண்டும். விடுமுறையில் விட்டுப்போன பழக்கம் ஏதேனும் இருப்பின், இவ்வாரமே பெற்றோருடன் அவ்வீட்டிற்குச் செல்லுங்கள். முதலில் வரவேண்டியவர் யார் என்று கணக்குப் பார்க்காதீர்கள். காத்திருக்கும் பெரியவர்களுக்கு நாள்கள் குறைவு.