ஈரம் செல்லும் வழி

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்பது நம்மவர் அனைவரும் அறிந்த செய்தி. பாலித்தீன் தாளும் ஏறத்தாழ அவ்வினத்தைச் சேர்ந்ததே. அது நீரைத் தன்பால் ஏற்பதில்லை. தன்னுள் புக விடுவதுமில்லை. பண்டங்களுக்கு உறையாகவும் மழைக்கு மறைப்பாகவும் அதனை நாம் கொள்வது அக்குணம் கருதியே. ஆயினும், நீரை மறுக்கும் அத்தாளையே நீரை நடத்திச் செல்லும் கருவியாக மாற்றிய தொழில்நுட்பம் ஒன்று இன்று எண்ணற்ற இல்லங்களில் ஓசையின்றிப் பணிபுரிந்து வருகிறது. மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் அணியும் நாப்கின்கள் பலவற்றிலும், குழந்தைகளுக்கும் நோயுற்ற முதியோருக்கும் அணிவிக்கும் டயாப்பர்கள் சிலவற்றிலும் அத்தாள் அமைந்துள்ளது. அதனைப் பற்றியே இன்று நாம் பேசப் புகுகின்றோம்.

இதனை வெளிப்படையாகப் பேசலாமா என்று சிலர் தயங்கக்கூடும். சொந்த ஊரில் இத்தகைய செய்திகளைப் பாட்டியும் அத்தையும் பெண் மக்களின் காதோடு சொல்லி வந்தனர். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறியுள்ள நம் இல்லங்கள் பலவற்றில் அவர்கள் அருகில் இல்லை. கடையில் வாங்கும் பொட்டலத்தின் மீதோ பெரும்பாலும் ஆங்கிலமும் இந்தியுமே காணப்படுகின்றன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், பொட்டலத்தின் மீதுள்ள சொற்களைத் தமிழாக்கினால் மட்டும் போதாது, பொட்டலத்தினுள் இருக்கும் பொருளையும் விளக்க வேண்டும் எனக் கருதுகின்றோம்.

நாப்கினின் உள்ளே இருப்பது பஞ்சு என்றே பலரும் எண்ணுகின்றனர். முதல் உலகப் போரின்போது காயங்களுக்குக் கட்டும் பொருளாக மரக்கூழிலிருந்து செய்த மெல்லிழை பயன்பட்டது. போர் முடிந்தபின், 1920-களின் தொடக்கத்தில், அதே இழையைக் கொண்டு செய்த நாப்கின்கள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் குறைந்த விலையில் நாப்கின் செய்ய முயன்றபோது, முதலில் பருத்திப் பஞ்சைக் கொண்டு செய்து பார்த்துப் பயன் காணவில்லை. உள்ளிருப்பது மரக்கூழ் இழை என்பதை அறிந்த பின்னரே அவர் முயற்சி கைகூடிற்று. 2016-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

உறிஞ்சும் பொருள் நன்றாக அமைந்துவிட்டால் வேறென்ன வேண்டும் என்று கேட்கலாம். வயலுக்கு நீர் பாய்ச்சுவோர் இதற்கு விடை கூறுவர். தலைமடையில் நீர் தேங்கி நிற்க, கடைமடை வறண்டு கிடப்பதுண்டு. நாப்கினிலும் அதே நிலைதான். நீர்மம் விழும் இடம் சொதசொதவென்று ஊற, இரு முனைகளும் உலர்ந்தே கிடக்கும். ஊறிய இடம் உடலோடு அழுந்தும்போது ஈரம் மீண்டும் தோலுக்கே திரும்பும். தோல் நெடுநேரம் ஈரத்தில் இருந்தால் புண்ணாகும். ஆகவே நீர்மத்தை விரைவில் கீழே இறக்குதல், இறங்கியதைப் பரப்புதல், பரவியதைத் திரும்ப விடாது தடுத்தல் ஆகிய மூன்று பணிகளும் நடைபெற வேண்டும்.

முதற்பணிக்கும் மூன்றாம் பணிக்கும் ஒருங்கே வழி கண்டவர் ஹியூ தாம்ஸன் என்பவர். பிராக்டர் அண்டு காம்பிள் நிறுவனத்தின் சார்பில் அவர் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை 1975-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் வழங்கப்பட்டது. நீர் புகாத மெல்லிய தாளில் அவர் அமைத்தவை வெறும் துளைகள் அல்ல. சிறு சிறு புனல்கள். நாம் புட்டியில் எண்ணெய் ஊற்றப் பயன்படுத்தும் புனலைப் போலவே, அவற்றின் அகன்ற வாய் உடலை நோக்கியும், குறுகிய முனை உறிஞ்சும் பொருளை நோக்கியும் இருக்கும்.

இப்புனலின் செயலை உணர விளக்குத் திரியை நினைத்தால் போதும். திரியின் நுண்ணிய இடைவெளிகளில் எண்ணெய் தானே ஏறுகிறது. இடைவெளி குறுகக் குறுக ஏற்றம் மிகும் என்பதை ஜேம்ஸ் ஜூரின் என்ற ஆங்கிலேய அறிஞர் 1718-ஆம் ஆண்டில் விளக்கினார். தூய கண்ணாடிக் குழாயின் உள்விட்டம் 1 மில்லிமீட்டராயின், நீர் அதில் சுமார் 30 மில்லிமீட்டர் ஏறும். விட்டம் அதில் பாதியாயின் ஏற்றம் இருமடங்காகும். இவ்விதியின்படி, ஈரத்தை ஏற்கும் சுவர்களையுடைய புனலில் விழுந்த துளி, குறுகிய முனையை நோக்கியே இழுக்கப்படும். அங்கே அதனைவிட நுண்ணிய இடைவெளிகளையுடைய மரக்கூழ் இழை காத்திருந்து துளியை வாங்கிக்கொள்ளும். பாலித்தீன் இயல்பாக ஈரத்தை ஏற்காதாகையால், சவர்க்காரத்தின் குணமுடைய பொருளொன்றை அதில் கலப்பதோ மேலே பூசுவதோ வழக்கம்.

இறங்கிய ஈரம் ஏன் திரும்புவதில்லை? புனலின் சுவர்கள் சிறு தூண்கள் போல நின்று, நனைந்த பகுதியைத் தோலிலிருந்து விலக்கி வைக்கின்றன. திரும்பி வர வேண்டுமாயின் குறுகிய முனை வழியாகவே வர வேண்டும். நுண்ணிய இழைகளோ தாம் பற்றியதை எளிதில் விடுவதில்லை. ஆகவே உள்ளே ஈரம் இருப்பினும் மேற்புறம் பெரும்பாலும் உலர்ந்திருக்கிறது.

இத்தாளைச் செய்யும் முறையும் வியப்புக்குரியது. துளையிட்ட உருளை ஒன்றின் மீது சூடான பாலித்தீன் தாளைப் படர விட்டு, உருளையின் உட்புறத்திலிருந்து காற்றை உறிஞ்சுவர். தாள் ஒவ்வொரு துளையிலும் குழிந்து இறங்கி, நுனியில் கிழிந்து புனலாகிறது. மிகுந்த அழுத்தத்தில் நீரைப் பாய்ச்சித் துளையிடும் முறை பின்னர் வந்தது. அதற்கான அமெரிக்கக் காப்புரிமை ஒன்று 1986-ஆம் ஆண்டில் வழங்கப்பட்டது. பளபளப்பான தாள் தோலில் ஒட்டி உறுத்தும் என்பதால், அதன் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத நுண் மேடுகளை எழுப்பித் துணியின் மென்மையைத் தரவும் கற்றுக்கொண்டனர்.

எஞ்சியது பரப்பும் பணி. இன்றைய நாப்கின்கள் பலவற்றில், மரக்கூழுடன் சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் பொடியும் சேர்க்கப்படுகிறது. தூய நீராயின் அது தன் எடையைப்போல் சில நூறு மடங்கு ஈர்க்கும். உப்புக் கலந்த உடல் நீர்மமாயின் அவ்வளவு ஈர்க்காது. ஈர்ப்பதற்குச் சிறிது நேரமும் அதற்கு வேண்டும். ஓரிடத்தில் ஊறிப் பருத்த பொடி, பின்னால் வரும் நீர்மத்திற்கு அணையாகவும் நின்றுவிடும். ஆகையால் மேலுறைக்குக் கீழே மேடுபள்ளமுள்ள மற்றொரு தாளை வைக்கும் முறை தோன்றியது. அதன் கூம்புகளின் இடையேயுள்ள வெற்றிடத்தில் நீர்மம் சற்றே தங்கி, நீளவாட்டில் ஓடி, கடைமடை வரை சென்று பின்னர் இறங்குகிறது. இப்பணியைத் தாளுக்குப் பதிலாக நெய்யாத் துணியைக் கொண்டு செய்வோரும் உண்டு.

நேயர்களே, இவ்வளவு நுட்பத்தையும் நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. மேற்புறம் உலர்ந்திருத்தல் வேறு, தூய்மை வேறு. உட்புறம் வெதுவெதுப்பும் ஈரமும் நிறைந்தது. நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு ஏற்றது. தாள் தன் கடமையைச் செவ்வனே செய்யும்போது, மாற்ற வேண்டிய நேரத்தை நம் பெண்கள் உணராது போவதற்கு இடமுண்டு. பள்ளியில் மாற்ற வசதியில்லை என்றோ, நீண்ட இரயில் பயணம் என்றோ, விலை மிகுதி என்றோ ஒன்றையே நாள் முழுதும் அணிவது தீங்கு. நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்றுவதே நலம். உலர்வாக உள்ளதே என்பது காத்திருக்கக் காரணமாகாது.

மற்றொன்றும் நினைக்கத் தக்கது. மரக்கூழ் மண்ணில் மக்கும். பாலித்தீன் நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் கிடக்கும். கழிப்பறையில் எறிந்தால் குழாயை அடைக்கும். குப்பையில் திறந்தவாறு எறிந்தால், அதனைக் கையால் பிரிக்க நேர்பவர் நம்மைப் போன்ற மனிதரே. பயன்படுத்தியதைப் பத்திரமாகச் சுற்றித் தனியே வைக்க வேண்டும் என்றும், அதற்கான உறையை உற்பத்தியாளர் வழங்க வேண்டும் என்றும் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. விதி இருப்பினும் இல்லாவிடினும் அது நம் கடன்.

ஈரத்திற்கு வழி வகுக்க அறிஞர் ஒரு தாளில் ஆயிரமாயிரம் வாயில்களைத் திறந்தனர். நம் இல்லங்களில் மூடிக்கிடக்கும் பேச்சுக்கும் ஒரு வாயிலைத் திறப்பது பெற்றோரால் ஆகாத காரியம் அன்று. பாட்டி அருகில் இல்லாத வீட்டில், தாய் சொல்லட்டும். தாய் இல்லாத வேளையில் தந்தையும் தயங்காது சொல்லட்டும்.